லண்டனில் சவுண்ட் சிஸ்டம் இறக்குவதற்கு முன்: போலீஸ், கவுன்சில், அக்கம்பக்கம்

டிஜே நைட் நடத்தப் போகிறேன், இல்லை ஊர்வலத்தில் ஒரு சவுண்ட் சிஸ்டம் இழுத்துப் போகப் போகிறேன், போலீஸ் வந்தால் என்ன செய்ய என்று கேட்பவர்கள் எல்லாரும் அந்த ஒரு இரவைப் பற்றியே கேட்கிறார்கள். அந்த இரவில் உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். மூன்று நான்கு வாரத்துக்கு முன்பு என்ன எழுதிக் கொடுத்தீர்கள், யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள், கூட்டத்துக்கு என்ன சொல்லி அழைத்தீர்கள் என்பதில் முக்கால்வாசி முடிவாகிவிடும். இங்கே எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை வைத்து. ஸ்காட்லாந்தில் லைசென்ஸ் முறை வேறு. நான் வக்கீல் இல்லை, வழக்கு வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: நீங்கள் செய்யப் போவது அனுமதியோடு நடக்கும் நிகழ்ச்சியா, அனுமதி இல்லாத ரேவா (இரவு முழுக்க உரத்த இசைக்கு ஆடும் பெருங்கூட்டம்), இல்லை இசையோடு நடக்கும் போராட்டமா? ஆடுகிறவருக்கு மூன்றும் ஒன்றுதான், அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. சட்டத்துக்கு மூன்றும் வேறு வேறு. முதலாவது 2003 லைசென்சிங் சட்டம், இரண்டாவது 1994 குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், மூன்றாவது 1986 பொது ஒழுங்குச் சட்டம். போலீஸ் எதை எடுத்துப் பேசுகிறார்கள் என்று தெரியாமல் வாதம் பண்ணுவது வீண் வேலை. பார்ட்டி என்று சொல்லிக் கூட்டிவிட்டு, போலீஸ் வந்ததும் "இது போராட்டம்" என்று மாற்றிப் பேசும் ஆட்களும் உண்டு. அதை நம்பி வந்த பிள்ளைகள்தான் வேனில் ஏறுவார்கள், ஏற்பாடு செய்தவர் ஏற மாட்டார்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால்தான் போலீஸ் ஏன் ஸ்பீக்கரைப் பார்த்தாலே விறைக்கிறார்கள் என்பது புரியும். 1990-லேயே அனுமதியில்லாத பார்ட்டிகளுக்குத் தண்டனையைக் கூட்டி ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். 1992 மே மாத வங்கி விடுமுறைக்கு, வழக்கமாக நடக்கும் ஏவன் இலவசத் திருவிழாவைப் போலீஸ் தடுத்தபோது, வேன்களிலும் பஸ்களிலும் ஊர் ஊராகப் போகும் டிராவலர்களும் ரேவ் கூட்டமும் திசைமாறி வூஸ்டர்ஷயரில் மால்வர்ன் மலையடிவாரத்து காசில்மார்ட்டன் பொதுநிலத்தில் வந்து இறங்கினார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல், ஏறக்குறைய ஒரு வாரம், இரவும் பகலும். அந்த ஊர்க்காரர்கள் தூக்கமில்லாமல் பட்டது உண்மையான பாடு, அதை ரேவ் பக்கம் நிற்பவர்கள் இன்றைக்கும் லேசாகத் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. அங்கே சவுண்ட் சிஸ்டம் கொண்டுவந்த ஸ்பைரல் ட்ரைப் என்ற ரேவ் குழுவைச் சேர்ந்தவர்கள் மீது நடந்த வழக்கு நீண்டு, பெருஞ்செலவு வைத்து, 1994-ல் விடுதலையில் முடிந்தது. பழைய சட்டத்தை வைத்துத் தண்டிக்க முடியவில்லை. புதுச் சட்டம், மேலே சொன்ன 1994 சட்டம்தான், அதே ஆண்டு நவம்பரில் வந்தது.

ரேவைக் கலைக்கப் போலீஸுக்கு அதிகாரம் தருவது அதன் 63-ஆம் பிரிவு. அதில்தான், இசை என்றால் "திரும்பத் திரும்ப வரும் தாளங்களின் வரிசையை" முழுதாகவோ பெரும்பாலுமோ கொண்ட ஒலியும் சேரும் என்று எழுதினார்கள். நம் குத்துப்பாட்டு அதில் மாட்டுமா என்று கேட்டால், தாராளமாக மாட்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்து 1994 மே, ஜூலை, அக்டோபர் என்று லண்டனில் மூன்று பெரிய ஊர்வலங்கள் நடந்தன. அரசியலே வேண்டாம் என்று ஆடிக்கொண்டிருந்தவர்கள், சாலை எதிர்ப்பாளர்கள், காலி வீடுகளில் குடியேறியவர்கள், டிராவலர்கள் எல்லாரும் ஒரே தெருவில் வந்து நின்றது அப்போதுதான். அக்டோபர் 9 ஊர்வலம் ஹைட் பார்க்கில் சவுண்ட் சிஸ்டம் தொடர்பான தகராறில் தொடங்கிக் கலவரமாக முடிந்தது. அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு, சந்தேகம் எதுவும் இல்லாமலே ஒரு பகுதியில் ஆட்களை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் கொடுக்கிறது. ரேவ் சட்டம் என்று பேசும்போது யாரும் அதை நினைப்பதில்லை, ஆனால் அதிகம் பேரின் சட்டைப்பைக்குள் கைவிட்டது அந்தப் பிரிவுதான்.

அனுமதியோடு நடத்தும் வழி

ஈஸ்ட் ஹாமில் ஒரு சமூகக்கூடம், ஹாரோவில் ஒரு ரெஸ்டாரன்ட் மாடி என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் வழி. டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் என்று ஒன்று உண்டு, கவுன்சில் ஆட்கள் சுருக்கமாக டென் என்பார்கள். கட்டணம் 21 பவுண்ட். ஒரு நேரத்தில் 499 பேர் வரைதான், அதில் உங்கள் டிஜே, பார் ஆட்கள், வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் அடக்கம். நோட்டீஸ் கொடுக்கும் நாளையும் நிகழ்ச்சி நாளையும் கழித்து நடுவில் பத்து வேலைநாள் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை கணக்கில் வராது, அதனால் ஈஸ்டர், கிறிஸ்மஸ் பக்கம் இது பத்து நாளாக இல்லாமல் மூன்று வாரமாக நீளும்.

நிகழ்ச்சிக்கு ஐந்து முதல் ஒன்பது வேலைநாள் முன்பு கொடுக்கும் தாமத நோட்டீஸும் உண்டு. அதை நம்பாதீர்கள். சாதாரண நோட்டீஸுக்குப் போலீஸோ கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் விசாரணை நடக்கும், நீங்கள் போய்ப் பேசலாம், நேரத்தைக் குறைத்து ஒத்துக்கொள்ளலாம். தாமத நோட்டீஸுக்கு ஆட்சேபம் வந்தால் அத்தோடு சரி, கதை முடிந்தது. ஆட்சேபிக்க அவர்களுக்கு மூன்று வேலைநாள். அந்த மூன்று நாளும் நீங்கள் போனை எடுக்க வேண்டும். லைசென்சிங் போலீஸ்காரர் கேட்பது எப்போதும் ஒரே மாதிரிதான்: யார் வருகிறார்கள், டிக்கெட்டா இலவசமா, வாசலில் யார், எத்தனை மணிக்கு முடியும், முடிந்ததும் கூட்டம் எந்தப் பக்கம் போகும். கடைசிக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரை அவர்களுக்கு உடனே பிடித்துப்போகும், ஏனென்றால் நள்ளிரவு இரண்டு மணிக்குப் புகார் வருவது உள்ளே நடந்த ஆட்டத்தைப் பற்றி இல்லை, வெளியே ஊபர் வரும்வரை நின்று கத்தியதைப் பற்றி.

இந்த நோட்டீஸுக்கு இன்னொரு பயன் உண்டு, பலருக்குத் தெரியாது. அதன்படி சரியாக நடக்கும் நிகழ்ச்சிமேல் 63-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது. "அதன்படி" என்பதைக் கவனியுங்கள். ஐந்நூறாவது ஆளை உள்ளே விட்டாலோ, எழுதிக் கொடுத்த மணியைத் தாண்டினாலோ உங்கள் கேடயத்தை நீங்களே கீழே போட்டதாக அர்த்தம். வாசலில் எண்ணும் கருவி பத்துப் பவுண்ட்கூட வராது, வாங்குங்கள்.

இசை வகையை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் இங்கே புதிதில்லை. லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் படிவம் 696 என்று ஒன்று வைத்திருந்தது. டிஜே, எம்சி பாடும் நிகழ்ச்சிகளுக்கு, பாடுபவர்களின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் முன்கூட்டியே கேட்கும். ஆரம்ப வடிவத்தில் எந்த இனத்தவர் வருவார்கள் என்றுகூடக் கேட்டது. கறுப்பின இளைஞர்கள் அதிகம் கேட்கும் கராஜ், கிரைம் (grime), பாஷ்மென்ட் இசை நைட்டுகள்தான் அதில் அடிபட்டன. இசைக்கலைஞர்களும் தொழில் அமைப்புகளும் பல வருடம் கத்திய பிறகு, மேயர் சாதிக் கான் மறுபரிசீலனை கேட்டு, 2017 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். படிவம் போனது, கேள்வி போகவில்லை, வாய்மொழியாக இன்னும் வரும். அப்போது சண்டை போட வேண்டாம். "அந்தக் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். எழுத்தில் கேட்கத் தயங்கும் கேள்வி பெரும்பாலும் அங்கேயே காணாமல் போய்விடும்.

அக்கம்பக்கமும் பேஸும்

பேச்சும் பாட்டின் மேல்ஸ்தாயியும் சுவரில் நின்றுவிடும். பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி அதிர்வு, நிற்காது. பக்கத்துத் தெருவில் படுத்திருப்பவருக்குப் பாட்டு கேட்காது, டம் டம் மட்டும் தலையணை வழியாக வரும். அதனால் மேடையில் நின்று சத்தம் பார்த்தால் போதாது. கிட்டத்து வீட்டு வாசல்வரை நடந்து போய்க் கேளுங்கள், இரவு பதினொன்றுக்கு ஒருமுறை, அதற்குப் பின்னும் ஒருமுறை, ஏனென்றால் சாலைச் சத்தம் அடங்கியதும் அதே அளவு பேஸ் இரண்டு மடங்காகத் தெரியும். சப் வூஃபர்களை (பேஸ் ஸ்பீக்கர்களை) வீடுகளுக்கு எதிர்த்திசையில் வையுங்கள். சிஸ்டம் வாடகைக்குத் தருபவரிடம் பின்பக்க பேஸைக் குறைக்கும் கார்டியாய்ட் அமைப்பில் அடுக்கித் தரச் சொல்லுங்கள், தெரிந்தவராக இருந்தால் செய்து கொடுப்பார். போனில் உள்ள டெசிபல் ஆப்கள் பேஸை ஒழுங்காகப் பிடிக்காது, கவுன்சிலோடு வாதாட அதை நீட்ட வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு முன்பு சுற்றிலும் உள்ள வீடுகளுக்கு ஒரு தாள் போடுங்கள்: எந்த நாள், எத்தனை மணிவரை, எந்த எண்ணுக்கு அழைக்கலாம். அந்த எண்ணை ஆடப்போகாத ஒருவர் கையில் கொடுங்கள். அழைப்பு வந்தால் எடுத்து, "குறைக்கிறோம்" என்று சொல்லி, நிஜமாகவே குறைக்க வேண்டும். கவுன்சிலுக்குப் போகவேண்டிய புகார் உங்களிடம் வந்துவிட்டால் பாதிப் போலீஸ் வேலை அங்கேயே முடிந்தது.

லூட்டன் நகரத்தில் 1990-களில் எக்ஸோடஸ் என்ற கூட்டம் இதை வேறு அளவில் செய்து காட்டியது. இலவசமாகப் பார்ட்டி நடத்தி, வாளியில் விழும் காசை வைத்துக் கைவிடப்பட்ட கட்டடத்தைச் சீர்செய்து வீடில்லாதவர்களைக் குடிவைத்தார்கள். 1993 தொடக்கத்தில் அவர்கள் ஆட்களைப் போலீஸ் பிடித்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் காவல் நிலையத்தைச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் சும்மா வரமாட்டார்கள். ஊருக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருந்ததால் வந்தார்கள்.

அனுமதி இல்லாமல் நடந்தால் என்ன ஆகும்

செய்யுங்கள் என்று சொல்லவில்லை, என்ன நடக்கும் என்று சொல்கிறேன். திறந்தவெளியில் இருபது பேர், இரவில், உரத்த இசை, சுற்றியிருப்பவர்களுக்குக் கடும் தொல்லை தரக்கூடியது: இவ்வளவு போதும் 63-ஆம் பிரிவுக்கு. 1994-ல் நூறு பேர் என்று இருந்தது, 2003-ல் இருபதாகக் குறைத்தார்கள், கட்டடத்துக்குள் அத்துமீறி நடப்பதையும் சேர்த்தார்கள். திறந்தவெளி என்றால் அத்துமீறல் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. "விவசாயி சரி என்றார்" என்பது தனியாக உங்களைக் காப்பாற்றாது, நோட்டீஸோ லைசென்ஸோ வேண்டும்.

கூட்டம் சேரும்வரை போலீஸ் காத்திருக்கவும் தேவையில்லை. இரண்டு பேர் தயார் செய்துகொண்டிருந்தாலோ, பத்துப் பேர் தொடங்கக் காத்திருந்தாலோ, சூப்பரின்டென்டென்ட் பதவியில் உள்ளவர் கலைந்து போகச் சொல்லலாம். ஐந்து மைல் சுற்றளவில் வரும் ஆட்களை நிறுத்தித் திருப்பி அனுப்பலாம். சொன்ன பிறகும் போகாமல் நின்றால் குற்றம், மூன்று மாதம்வரை சிறை அல்லது அபராதம். அந்த உத்தரவு வந்த பிறகு இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இன்னொரு ரேவுக்குப் போவதும் குற்றம். ஆகவே "வா, அடுத்த இடத்துக்குப் போகலாம்" என்று வாட்ஸ்அப்பில் போடுபவர் எல்லாரையும் சிக்க வைக்கிறார். கலையச் சொன்னால் கலைவதுதான் அங்கே புத்திசாலித்தனம். இசையை மெல்ல இறக்குங்கள், திடீரென்று நிறுத்தினால்தான் கூட்டம் எகிறும். விளக்கைப் போடுங்கள், மைக்கில் ஒருவர் மட்டும் பேசட்டும்.

போராட்டத்தில் இசை

ரீக்ளெய்ம் தி ஸ்ட்ரீட்ஸ் என்ற, தெருக்களைக் கார்களிடமிருந்து மீட்கச் சொன்ன போராட்டக் குழு 1996 ஜூலையில் மேற்கு லண்டனில் எம்41 நெடுஞ்சாலையையே மறித்து ஆடியது. கட்டைக்கால்மேல் நின்ற பிரம்மாண்டப் பாவாடை உருவங்கள் கூட்டத்துக்கு நடுவே நகர்ந்தன, பாவாடைக்குள் இருந்தவர்கள் தார்ச்சாலையைத் துளைத்து மரக்கன்று நட்டார்கள், துளைக்கும் சத்தம் டெக்னோவில் மறைந்துவிட்டது. கேட்க ஆனந்தமாக இருக்கிறது. அதே குழுவுக்குள் மெட்ரோபாலிட்டன் போலீஸின் ரகசிய அதிகாரி ஒருவர் பொய்ப் பெயரில் பல வருடம் இருந்தார் என்பதும் பின்னால் வெளியே வந்தது. ரகசியப் போலீஸ் பற்றிய பொது விசாரணை 2015-ல் அமைத்ததற்கு இதுபோன்றவைதான் காரணம். அதற்காக ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டால் வேலை நடக்காது. குழுவில் எழுதுவதை ஒருநாள் நீதிமன்றத்தில் வாசிப்பார்கள் என்று நினைத்து எழுதினால் போதும்.

நடைமுறைக்கு வருவோம். நகரும் ஊர்வலம் என்றால் ஆறு முழு நாள் முன்பே போலீஸுக்கு எழுத்தில் தேதி, நேரம், பாதை, ஏற்பாட்டாளர் பெயர் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் நிற்கும் கூட்டத்துக்கு அப்படி நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் போலீஸ் நிபந்தனை போடலாம். 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு சத்தத்தை மட்டும் காரணம் காட்டியே நிபந்தனை போட முடியும், அதுவும் "எனக்குத் தெரியாது" என்பது எளிதில் செல்லாது, தெரிந்திருக்க வேண்டியது என்றால் போதும். ஆகவே நிபந்தனை என்ன என்று எழுத்தில் கேளுங்கள், இல்லையென்றால் அதிகாரி சொல்வதை வீடியோ எடுங்கள். பொது இடத்தில் போலீஸைப் படம் எடுப்பது சட்டப்படி தவறில்லை.

நாடாளுமன்றச் சதுக்கம் தனிக்கதை. 2009-ல் ஏப்ரல் முதல் ஜூன்வரை, இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி நம் ஆட்கள் அங்கே இரவு பகலாக நின்றது பலருக்கு நினைவிருக்கும், அந்த நினைவில் இன்றைக்கும் பறையும் ஒலிபெருக்கியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2011 சட்டத்துக்குப் பிறகு அங்கே ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும், கூடாரம் அடிக்கவும் முடியாது. அனுமதி இல்லாத ஒலிபெருக்கியைப் பிடுங்கலாம். ஆம்ப் இல்லாத பறை அந்த ஒலிபெருக்கி விதிக்குள் வராது, ஆனாலும் 2022 சட்டத்தின் சத்த நிபந்தனை அதற்கும் வரலாம்.

அன்றைய இரவில் யார் பேசுவது

போலீஸோடு பேச ஒருவர், ஒருவர் மட்டும். குடிக்காதவர், மைக்கைப் பிடிக்காதவர், சூடாகாதவர். வந்திருப்பவர்களில் மேலதிகாரி யார் என்று கேட்டு அவரிடம் பேசட்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தச் சட்டப் பிரிவின்கீழ் இதைச் சொல்கிறீர்கள்?" பதிலைக் குறித்துக்கொள்ளட்டும், மணியோடும் தோள்பட்டை எண்ணோடும்.

வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. சும்மா நிறுத்திச் சோதிக்கும்போது பெயர் முகவரி சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சமூக விரோத நடத்தை என்று காரணம் சொல்லி, 2002 சட்டத்தின் 50-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்டால் சொல்ல மறுப்பது குற்றம், ஓட்டுநர்களுக்கும் தனி விதி உண்டு. சோதனைக்கான பதிவின் நகலைக் கேட்கலாம். கைதானால் விசாரணையில் எந்தக் கேள்விக்கும் "நோ கமென்ட்" (பதில் சொல்ல விரும்பவில்லை), வக்கீல் வரும்வரை கையெழுத்து வேண்டாம், வழக்குக்குப் பதிலாகப் போலீஸ் தரும் எச்சரிக்கையை (காஷன்) ஏற்றுக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றாலும் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். போராட்டக்காரர்களுக்குச் சட்ட உதவி செய்யும் கிரீன் அண்ட் பிளாக் கிராஸ் அமைப்பு இதையெல்லாம் ஒரு சின்ன அட்டையில் அச்சிட்டுத் தருகிறது, வாசலில் கொடுங்கள். மாணவர் விசாவிலோ புகலிட விண்ணப்பத்திலோ இருப்பவர்களுக்குக் கைது வேறு விதமாகச் சுடும் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். "ஒன்றும் ஆகாது, வா" என்று யாரையும் கூப்பிடாதீர்கள்.

போதைப்பொருள் விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வதுதான் மிகப் பெரிய ஆபத்து. லண்டனின் பெயர்பெற்ற ஃபேப்ரிக் நடன கிளப்பின் லைசென்ஸை 2016 செப்டம்பரில் இஸ்லிங்டன் கவுன்சில் ரத்து செய்தது, இரண்டு இளைஞர்கள் இறந்த பிறகு. பொதுமக்கள் பணம் திரட்டிப் போராடினார்கள், நவம்பரில் கடும் நிபந்தனைகளோடு உடன்பாடு வந்தது, 2017 தொடக்கத்தில் திறந்தது. அந்த ஆதரவுக்கூட்டம் இல்லாத சின்ன இடம் அப்படியே மூடியிருக்கும். தண்ணீர் இலவசமாக வையுங்கள், குளிர்ந்து உட்கார ஓர் அறை ஒதுக்குங்கள், முதலுதவி தெரிந்த இருவரை நிறுத்துங்கள். யாராவது விழுந்தால் போலீஸ் வருமே என்று யோசித்து நிற்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள். லாஃபிங் காஸ் 2023 நவம்பர் முதல் தடைசெய்யப்பட்ட பொருள், கீழே கிடக்கும் சிலிண்டர்களே உங்கள் அடுத்த நோட்டீஸுக்கு ஆட்சேபமாக வரும், காலையில் பொறுக்கிவிடுங்கள்.

கடைசியாகச் சிஸ்டம். 63-ஆம் பிரிவின்கீழ் கலையச் சொன்ன பிறகும் எடுக்காமல் வைத்திருந்தால் 64-ஆம் பிரிவின்கீழ் பறிக்கலாம், தண்டனை வந்தால் நீதிமன்றம் அதை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளலாம். வாடகைக்குக் கொடுத்த உரிமையாளர், தனக்குத் தெரியாது, சந்தேகப்படக் காரணமும் இல்லை என்று காட்டினால் திரும்பக் கேட்கலாம், அதற்கு ஆறு மாதம் கெடு. அதனால் வாடகைக்கு எடுக்கும்போது எந்த நாள், எந்த இடம், எந்த நோட்டீஸ் எண் என்று எழுதிய ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவரிடமும் ஒன்றை வேனிலும் வையுங்கள். ஸ்பீக்கர்களின் வரிசை எண்களையும் படம் எடுத்து வையுங்கள், போலீஸ் கிடங்கில் எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டியாகத்தான் இருக்கும்.